தபால் தலையில் நின்ற புகைக்கூண்டு

என் தங்கை அஞ்சலை மலாக்காவிலிருந்து போட்ட கடிதத்தில் மூன்றே விஷயம்தான் இருந்தது. அவள் மகள் பாக்கியத்துக்கு ஆவணி மாதம் நாலாவது ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். தாய்மாமனாகிய நான் வந்து பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்ட வேண்டும். மலாக்காவில் இறங்கிப் ‘புகைக்கூண்டுத் தோட்டம்’ என்று கேட்டால் யாரும் கொண்டுவந்து விடுவார்கள்.

நான் முசிறிப் பக்கத்தில் செங்கல் சூளை வைத்திருக்கிறவன். படித்தது மூன்றாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் வாத்தியார் வீட்டு மாட்டைக் குளிப்பாட்டப் போய்விட்டேன். தலைச்சுமையாகக் கல் சுமந்து ஆரம்பித்தேன். இன்றைக்கு எங்கள் தாலுகாக் கச்சேரி நிற்பது என் கல்லில். எங்கள் பக்கத்தில் உயரமான புகைக்கூண்டு வைத்து முதன்முதலாகச் சூளை போட்டவன் நான்தான். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொன்னால் பொய். பெருமைக்கும்தான் சொல்கிறேன்.

அஞ்சலை கப்பல் ஏறி இருபத்தொரு வருஷம் ஆகிறது. மழை பொய்த்த வருஷம், புருஷனோடு தோட்டத்துக்கு ஆள் பிடிக்க வந்த ஒரு கங்காணி பின்னால் போய்விட்டாள். அப்போது நான் கரூரில் கல் சுமந்துகொண்டிருந்தேன். சேதி கேட்டு ஓடி வந்தபோது குடிசைக் கதவில் கயிறு கட்டியிருந்தது. அவளை வழியனுப்பக்கூட இல்லை. அதனால் இந்தப் பட்டத்தை நான் கட்டியே தீர வேண்டும். தட்டானைப் பக்கத்திலேயே உட்காரவைத்து ஒன்றரைப் பவுனில் அடித்து வாங்கினேன்.

கடித உறையில் ராஜா தலை போட்ட தபால் தலை ஒன்று. பக்கத்திலேயே இன்னொன்று. அதில் செங்கல்லால் கட்டிய ஓர் உயரமான புகைக்கூண்டு, இரண்டு தென்னை மரம். அந்தச் சமயம் எங்கள் ஊர்த் தபாலாபீஸில் ராமேசுவரம் கோயிலைப் போட்டு ஒரு தலை வந்திருந்தது. அந்தந்தச் சீமையில் அந்தந்த ஊர் அடையாளத்தைச் சர்க்கார் அச்சடித்துக் கொடுக்கிறது போலிருக்கிறது என்று முடிவு கட்டினேன்.

“உறையோட எடுத்துக்கிட்டுப் போங்க. பின்னால இங்கிலீஷ்ல என்னமோ எழுதியிருக்கு” என்றாள் என் மனைவி மீனாட்சி.

“படம் இருக்கறப்ப எழுத்து எதுக்குடி?” என்றேன். கத்தரிக்கோலால் படத்தை மட்டும் வெட்டி எடுத்து மணிபர்ஸில் வைத்தேன். உறையைக் கூரை எரவாணத்தில் செருகிவிட்டுப் புறப்பட்டேன்.

கப்பல் கதையும் கரையில் அடைத்துவைக்கும் காரண்டீன் கதையும் எல்லாரும் எழுதுகிறார்கள். நான் மலாக்கா ஊருக்குள் கால் வைத்த புதன்கிழமைக் காலையிலிருந்து ஆரம்பிக்கிறேன். கல்யாணத்துக்கு முழுசாக நாலு நாள் இருந்தது. நாலு நாளில் நான் ஒரு லட்சம் கல் வேகவைப்பேன். ஒரு தோட்டத்தைக் கண்டுபிடிக்க மாட்டேனா?

மலாக்கா சின்ன ஊர், அழகான ஊர். ஊர் நடுவில் ஆறு. ஆற்றை ஒட்டிச் செக்கச் சிவந்த கட்டடங்கள். டச்சுக்காரன் கட்டினதாம். எந்த மண் என்று பார்க்க நகத்தால் சுரண்டினேன். சிவப்பு வெறும் பூச்சு. காவல்காரன் தடியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். மாட்டு வண்டிகளுக்கு இங்கே ஓலைக் கூரை, இரண்டு முனையும் கொம்பு மாதிரி மேலே வளைந்திருக்கிறது. மாட்டுக்கு இரண்டு கொம்பு, வண்டிக்கு இரண்டு கொம்பு.

காலைப் பலகாரம் வாழை இலைப் பொட்டலம். பிரித்தால் தேங்காய்ப் பாலில் வெந்த சோறு, பொரித்த நெத்திலி, சிவப்பாக ஒரு மிளகாய்ச் சம்பால். எங்கள் ஊரில் காலையில் சுடுசோறு சாப்பிட்டால் வீட்டில் என்ன விசேஷம் என்று கேட்பார்கள். இரண்டு பொட்டலம் சாப்பிட்டேன். சம்பால் காதுவரைக்கும் ஏறியது.

நேராகத் தபாலாபீஸுக்குப் போனேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த கிராணி, குமாஸ்தாவை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள், கந்தையா என்பவர் யாழ்ப்பாணத்துக்காரர். அந்த ஊர்த் தமிழே பேசினார். மணிபர்ஸைத் திறந்து படத்தை நீட்டி, “இந்தத் தலை எந்த ஊரில் விற்கிறதோ அந்த ஊருக்கு வழி சொல்லுங்கள்” என்றேன்.

அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்துவிட்டு, ஆபீஸ் முழுக்கத் திரும்பும்படி சிரித்தார்.

“இது தபால் தலை இல்லை, கண்டீரோ. ஜாசின் பக்கத்துத் தோட்டக் கிராணிமார் சேர்ந்து, ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட அச்சடிச்சு வித்த படம். ஓரத்தில பல்லு வைச்சு, பின்னால பசை பூசி, அசல் தலை மாதிரியே செய்துபோட்டினம். சனம் ராசா தலையை விட்டுட்டு இதை மட்டும் ஒட்டிக் காயிதம் போட, நாங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை!”

“அது ஏன் அப்படி ஒட்டினார்கள்?”

“நானும் ஒரு கிழவியிட்டக் கேட்டனான். ‘ராசாவை எங்கட ஊரில ஆருக்கும் தெரியாது, இந்த ஆலமரத்தை என்ர அக்காவுக்குத் தெரியும்’ எண்டு சொன்னா. என்ன செய்யிறது?”

இந்தப் படங்களை அவரே ஆசையாகச் சேர்த்திருந்தார். மேசைக்கு அடியிலிருந்து ஒரு கனத்த புத்தகத்தை எடுத்துப் பிரித்தார். மொத்தம் ஆறு படம். ஆற்று மரப்பாலம், பெரிய ஆலமரம், சந்தைக் கொட்டகை, கோயில் தேர்க்கொட்டகை, அந்தப் பள்ளிக்கூடம், என்னுடைய புகைக்கூண்டு.

“பாலம் வெள்ளத்தில போச்சு. ஆலமரத்தில இடி விழுந்திட்டுது. சந்தை எரிஞ்சு போச்சு. பள்ளிக்கூடத்துக்குக் கூரை போடக் காசு சேர முன்னம் சுவரே விழுந்திட்டுது. தேர்க்கொட்டகைக்காரர் என்னட்ட வந்து, தங்கட படத்தை மட்டும் விக்கவேண்டாமெண்டு கெஞ்சி மண்டாடினவை. இதில ஏறினதெல்லாம் இடிஞ்சு போகுதாம்!”

“என் புகைக்கூண்டு?” என்றேன்.

“அது ஜாசின் றோட்டில ஒரு தோட்டத்தில நிண்டது. இப்ப நிக்குதோ தெரியாது. தோட்டத்துக்கு இங்கிலீஷ் பேர் என்ன? அது தெரிஞ்சா நான் சொல்லுவன்.”

அதுதான் எனக்குத் தெரியாது. நான் கடிதம் போடும்போதெல்லாம் விலாசத்தை அவள் உறையைப் பார்த்து எங்கள் ஊர்த் தபால்காரரே எழுதிவிடுவார். இந்தச் சீமையில் ஒவ்வொரு தோட்டத்துக்கும் இரண்டு பெயர். துரையும் தபாலாபீஸும் சொல்வது ஒன்று. நம் ஜனங்கள் மரத்தையோ பாலத்தையோ கங்காணியின் மீசையையோ பார்த்து வைத்துக்கொள்வது இன்னொன்று. துரை வைத்த பெயர் காகிதத்தில் இருக்கும். என் காகிதம் முசிறியில் எரவாணத்தில் இருந்தது.

வியாழக்கிழமை ஜாசினுக்கு மோட்டார் பஸ். ஏழு பேர் உட்காரும் வண்டியில் பதினொரு பேர், இரண்டு சேவல், ஒரு கூடை டூரியான் பழம். டூரியான் என்றால் முள்ளுப் பலா. வாடை வந்ததும் ஏதோ செத்துக் கிடக்கிறது என்று நினைத்து நான் எழுந்து நின்றுவிட்டேன். கூடைக்குச் சொந்தக்கார மலாய்க்கார அம்மாள் என்னமோ சொன்னாள், எல்லாரும் சிரித்தார்கள். பக்கத்திலிருந்தவர் எனக்கு விளக்கினார்: “பழத்தின் வாடையில் குற்றம் இல்லை, இவருடைய மூக்குதான் புதுசு என்கிறாள்.”

பாதி வழியில் டயர் வெடித்தது. மாற்று டயர் இல்லை. டிரைவர் இறங்கி, புல்லை அறுத்து டயருக்குள் திணிக்கச் சொன்னான். பதினொரு பேரும் புல் அறுத்தோம். அந்த நேரத்தில் அந்த அம்மாள் ஒரு பழத்தைப் பிளந்து என் கையில் ஒரு சுளையை வைத்துவிட்டாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு தின்றேன். பலாப்பழத்துக்குக் கோபம் வந்தால் இப்படித்தான் இருக்கும். ஆனால் இரண்டாவது சுளையை நானே கேட்டு வாங்கினேன்.

ஜாசினில் இறங்கி விசாரித்து, செம்மண் பாதையில் நடந்து அந்தத் தோட்டத்தைப் பிடித்தேன். எங்கு பார்த்தாலும் ரப்பர் மரம். இங்கே பால்மரம் என்கிறார்கள். வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தேன். கூண்டைக் காணோம். பால் வாளியோடு எதிரில் வந்த ஒருவனிடம் படத்தைக் காட்டினேன்.

“புகைக்கூண்டா? நான் இங்க வந்து எட்டு மாசம்லா. வந்தப்பவே இல்ல.”

தோட்டத்து மண்டோர் ஒருவர், வேலையாட்களை மேய்க்கிறவர், என்னைக் கூட்டிப்போய் இடத்தைக் காட்டினார். லாலான் புல்லுக்கு நடுவில் முழங்கால் உயரத்துக்கு வட்டமாக ஓர் அடிக்கட்டு. அவ்வளவுதான்.

“பால்மரம் வர்றதுக்கு முந்தி இங்க மரவள்ளிக் கிழங்கு ஆலை இருந்துச்சாம். சீனன் கட்டின கூண்டு. ஒரு பக்கமா சாஞ்சுபோச்சு, தொரை இடிச்சுப்போடச் சொல்லிட்டாரு” என்றார் மண்டோர்.

“இங்கே இருந்த ஜனங்கள்?”

“கித்தா, அதான் ரப்பரு, வெல விழுந்துச்சுல்ல, அப்பவே தோட்டத்த மூடிட்டாங்க. பாதிப் பேரக் கப்பலேத்தி ஊருக்கே அனுப்பிட்டாங்க. மிச்சம் தெசைக்கு ஒண்ணாப் போயிட்டாங்க. நாங்கள்லாம் புதுசு.”

அஞ்சலை கப்பலில் திரும்பவில்லை. கடிதம் ஆடி மாதம் வந்தது. அப்படியானால் இந்த ராஜ்யத்தில்தான் எங்கோ இருக்கிறாள். இல்லாத கூண்டின் பெயரை ஏன் எழுதினாள்? அடிக்கட்டின் மேல் உட்கார்ந்தேன். அந்த நேரத்தில் மீனாட்சியை நினைத்துக்கொண்டேன். என்ன நினைத்தேன் என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை.

உட்கார்ந்த இடத்தில் கை சும்மா இருக்குமா? பெயர்ந்து கிடந்த ஒரு கல்லை எடுத்துப் பார்த்தேன். சீனன் கெட்டிக்காரன். வட்டக் கட்டுக்கென்றே தனி அச்சுப் போட்டு அறுத்திருக்கிறான். ஒரு முனை அகலம், ஒரு முனை குறுகல், ஆப்பு மாதிரி. விரலால் சுண்டினேன். வெண்கலம் மாதிரிப் பேசியது. இவ்வளவு நல்ல கல்லை இடித்துப் போட்ட துரையை என் சூளையில் ஒரு நாள் நிறுத்த வேண்டும்.

மஸ்ஜித் தானாப் பக்கம் ஒரு புகைக்கூண்டு தெரிகிறது, ஒருவேளை அங்கே போயிருப்பார்கள் என்று மண்டோர் சொன்னார். அது மலாக்காவுக்கு அந்தப் பக்கம். வெள்ளிக்கிழமை முழுசும் அதில் போயிற்று.

மஸ்ஜித் தானா மலாய்க்காரர்கள் ஊர். சுத்தமான தெரு, தூண்களின் மேல் தூக்கிக் கட்டிய மரவீடுகள். வாசல்தோறும் பூச்செடி. எங்கள் பக்கம் இவ்வளவு பூ இருந்தால் ஆடு விட்டுவைக்காது. நம் ஆள் வைத்திருந்த ஒரு துணிக்கடை இருந்தது. கடைக்காரரோடு கூண்டைத் தேடித் தெருத்தெருவாக நடந்தேன். பள்ளிவாசல் படியில் உட்கார்ந்திருந்த இரண்டு கிழவர்கள் என்னைக் காட்டிப் பேசிக்கொண்டார்கள்.

“என்ன சொல்கிறார்கள்?” என்று கேட்டேன்.

“‘இந்தத் தமிழர் காலையிலேருந்து ஆகாசத்தையே பாத்துக்கிட்டு நடக்குறாரு. கால்வாயில விழப்போறாரு, ஒரு ஆள் கூடப் போங்க’ன்னு சொல்றாங்க” என்றார் கடைக்காரர்.

சொன்னதோடு நில்லாமல் ஒருவர் எழுந்து வந்து இளநீர் வெட்டிக் கொடுத்தார். கூண்டையும் அவரே காட்டினார். ஒரு நெல் மில்லின் தகரக் குழாய்! அதைப் புகைக்கூண்டு என்று சொல்கிறவன் ஒரு தரம் முசிறிக்கு வந்து பார்க்கட்டும்.

வேறு துப்பு இல்லாததால் ஜாசினுக்கே திரும்பினேன். வழியில் மழை. ஊர் மழை மாதிரித் தூறி, யோசித்து, பிறகு பெய்வது இல்லை. குடத்தைக் கவிழ்த்த மாதிரி ஒரேயடியாக விழுகிறது. ஜாசின் வந்து சேரும்போது பட்டம் இருந்த மூட்டையை வயிற்றோடு கட்டிக்கொண்டிருந்தேன். நடுவில் சனிக்கிழமை ஒன்றுதான் பாக்கி. கடைத்தெருவில் சாயபு ஒருவர், ராவுத்தர் என்பார்கள், ரொட்டிக் கடை வைத்திருந்தார். ஈரத்தோடு நின்ற என்னை உள்ளே கூப்பிட்டுக் கைலி கொடுத்து, மாடியில் பாயும் போட்டார்.

சனிக்கிழமை காலை கோப்பி குடிக்கக் கீழே இறங்கினேன். இந்த ஊர்க் கோப்பி தார் மாதிரி இருக்கும். அடியில் கெட்டிப் பால். ராவுத்தர் அடுப்பிலிருந்து ரொட்டி எடுத்துக்கொண்டிருந்தார். பானையைக் கவிழ்த்த மாதிரி உருண்டையான அடுப்பு. நல்ல வேலை. யார் கட்டினது என்று கிட்டப்போய்ப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டேன். அடுப்பின் வாய் வளைவு முழுக்க ஆப்புக் கல்! ஒரு முனை அகலம், ஒரு முனை குறுகல். தொட்டுப் பார்த்தேன். விரல் சுட்டது. சுட்டால் சுடட்டும், அந்தக் கூண்டின் கல்தான்.

“ராவுத்தரே, இந்தக் கல் எங்கே வாங்கினீர்கள்?”

“என்னாண்ணே, ரொட்டி எப்படின்னு கேப்பீங்கன்னு பாத்தா, கல்லு எப்படின்னு கேக்குறீங்க! வண்டிக்காரர் கருப்பையா கொண்டாந்து போட்டாரு. பழைய தோட்டத்து ஆளு. கூண்ட இடிச்சப்ப வண்டி வண்டியா அள்ளினாரு. எனக்கு ரெண்டு வண்டி. மிச்சத்த நியாலாஸ் பக்கம் ஏத்திக்கிட்டுப் போயிட்டாரு, அவுங்க ஆளுங்க போன எடத்துக்கு.”

“அந்த இடத்துக்கு என்ன பெயர்?”

“தொரை ஏதோ பேரு வச்சிருக்கான். இவுங்க புகைக்கூண்டுன்னுதான் சொல்லுவாங்க. கூண்டு நின்ன எடத்துல அந்தப் பேரு இல்ல. பேரு இருக்கிற எடத்துல கூண்டு இல்ல! வேற தோட்டத்துக்காரங்களுக்கே தெரியாதுலா.”

பாருங்கள், பாத்திரம் பண்டம் மாதிரி ஊர்ப் பெயரையும் மூட்டை கட்டித் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். போன இடத்தில் இறக்கி வைத்து, அதையே கடிதத்திலும் எழுதிவிட்டாள் என் தங்கை.

“இருங்க, அவரே இப்ப வருவாரு. கல்யாணத்துக்கு ரொட்டி சொல்லி வச்சிருக்காரு” என்றார் ராவுத்தர்.

மூன்று நாளாக நான் மோட்டாரில் அலைந்து தேடியது, பத்து மணிக்கு மாட்டு வண்டியில் வந்து வாசலில் நின்றது. கருப்பையாவுக்கு என் வயசு இருக்கும். ஒல்லி உடம்பு, வெற்றிலை வாய். வண்டி நிறைய வாழை மரம். “இந்த அண்ணன் உங்க பக்கந்தான் வராரு, ஏத்திக்குங்க” என்று ராவுத்தர் சொன்னதும், மாப்பிள்ளை வீட்டு ஆள் என்று நினைத்துக்கொண்டு மரியாதையாகத் துண்டை உதறிப் போட்டு உட்காரச் சொன்னார்.

நானே பேச்சை எடுத்தேன். “யார் வீட்டுக் கல்யாணம்?”

“எங்க பாக்கியத்துக்குண்ணே. நான்தான் மாமன். பட்டம் கட்டணும்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “கூடப் பிறந்த மாமனா?”

“கூடப் பொறந்தவரு ஊர்ல இருக்காரு. சூளக்காரரு. பெரிய ஆளு. கடுதாசி போட்டாருன்னா கூண்டு எத்தன அடி ஒசரம், எத்தன லட்சம் கல்லு, எல்லாம் இருக்கும். புள்ளைக்குக் காது குத்தினீங்களா, சடங்கு சுத்தினீங்களான்னு ஒரு வரி இருக்காது.”

“வேலை அதிகமாக இருந்திருக்கும்.”

“ஆமாலா, நமக்கு வேலையே இல்ல பாருங்க.” மாட்டின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். “பாக்கியத்த என் மடியில வச்சுத்தான் காது குத்தினது. கடிச்சுப்புட்டா கழுத. இன்னும் தழும்பு இருக்கு.” கட்டைவிரலைக் காட்டினார். “பெரிய மனுஷி ஆனப்ப பச்ச ஓல வெட்டிக் குடிசை கட்டினது யாரு? காய்ச்சல்ல கெடந்தப்ப இதே வண்டியில ஜாசின் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது யாரு? மாடு ரெண்டும் அன்னிக்கு நுர தள்ளிருச்சு.”

“கடைசி நேரத்தில் அவர் வந்துவிட்டால்?”

“அவரு எப்படிண்ணே வருவாரு? சூளைய யாரு பாத்துக்கிறது?”

வழி நெடுக அவர் சொன்னதையெல்லாம் எழுத எனக்கு மனசு வரவில்லை. ஒன்றுகூடப் பொய் இல்லை. அதுதான் கஷ்டம். கடைசியில் மூட்டையை அவிழ்த்துப் பட்டத்தை எடுத்து வெயிலில் காட்டினேன்.

“அந்தச் சூளைக்காரன் நான்தான்” என்றேன்.

அவர் பட்டத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வெற்றிலையைத் துப்பினார். மாட்டை முடுக்கினார். பிறகு திரும்பாமலே கேட்டார்:

“கூண்டு நெசமாவே அறுவது அடியாண்ணே?”

“அறுபத்திரண்டு” என்றேன்.

பொழுது சாயும்போது லயத்துக்கு வந்தோம். லயம் என்றால் ஒரே கூரைக்கடியில் வரிசையாகக் கட்டிய வீடுகள். வாசலுக்கு வாசல் அடுப்பு. அடுப்புக்கு அடுப்பு ஆப்புக் கல். மாரியம்மன் கோயில் மேடையும் அந்தக் கல்தான். இடிந்த கூண்டு நூறு துண்டாகச் சிதறி இங்கே உட்கார்ந்து சோறு ஆக்கிக்கொண்டிருந்தது.

அஞ்சலை தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் எழுந்து வந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். என்னைச் சுற்றி வந்து பார்த்தாள்.

“என்னண்ணே, மண்டையெல்லாம் வழுக்கையாப் போச்சே!”

பிறகுதான் அழுதாள். நானும்தான். அவள் புருஷன் சின்னத்தம்பி வந்து, “வாங்க மச்சான், புதன்கிழமையே வருவீங்கன்னு பாத்தோம், காணோம்னதும் மாமன் மொறைய கருப்பையாவுக்குச் சொல்லிட்டோம்” என்றார். “உறையில கிராணி இங்கிலீஷ்ல எல்லாம் எழுதிக் குடுத்தாரேண்ணே?” என்று அஞ்சலை கேட்டாள். இருமலை வரவழைத்துக்கொண்டேன்.

“அதை விடு. ஆறு படத்தில் இந்தப் படத்தை ஏன் ஒட்டினாய்?” என்றேன்.

“நான் வாங்கினதெல்லாம் கூண்டுப் படந்தான். நீ கடுதாசிக்குக் கடுதாசி கூண்டு கூண்டுன்னு எழுதுவியா, நான் எங்க பாத்தேன் அத? இதுதான் எங்க அண்ணன் சூளைன்னு நெனச்சுக்குவேன். அசலு இடிஞ்ச அன்னிக்கு எனக்கு ரெண்டு நாளு சோறு எறங்கல.”

மணிபர்ஸைத் திறந்து அந்தப் படத்தை எடுத்து அவள் கையில் வைத்தேன்.  

ஆனால் விஷயம் ஒன்று பாக்கி இருந்தது. லயத்துப் பெரியவர்கள் கூடினார்கள். ரத்த மாமன் கடல் தாண்டி வந்திருக்கும்போது வேறு யார் பட்டம் கட்டுவது என்று ஒரே பேச்சாகச் சொன்னார்கள். நானும் அதுதான் முறை என்று உரக்கவே சொன்னேன். கருப்பையா வாதாடவில்லை. வாங்கி வைத்திருந்த மாமன் மாலையை என் கையில் கொடுத்து, “சரிதாண்ணே” என்று சொல்லிவிட்டு மாட்டை அவிழ்க்கப் போய்விட்டார். அஞ்சலை தேங்காய் மூடியைச் சிரட்டை தேயும்வரை துருவினாள். பாக்கியம் கதவோரம் வந்து, “வாங்க மாமா” என்றாள். ராவுத்தர் கடைக்கு வருகிறவர்களைக் கூப்பிடுகிற மரியாதை அதில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பால் வெட்டு இல்லை. அதனால் கல்யாணமெல்லாம் அன்றைக்குத்தான். பந்தல் கொள்ளாத கூட்டம். பண்டாரம் மந்திரம் சொல்ல, நான் பெண்ணுக்கு எதிரில் உட்கார்ந்து, மாலையைப் போட்டுவிட்டுப் பட்டத்தைத் தட்டிலிருந்து எடுத்தேன். “ஒன்றரைப் பவுன்” என்று பின்னால் பெண்கள் பேசுவது காதில் விழுந்தது. இதற்குத்தான் இருபத்தொரு வருஷம் காத்திருந்தேன்.

பாக்கியம் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பினேன். பந்தலுக்கு வெளியே கருப்பையா மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தார். முன்னால் ஏற்கெனவே ஒரு குவியல் கிடந்தது. மாடு தின்னவில்லை. அவர் மேலும் மேலும் போட்டுக்கொண்டிருந்தார்.

“கருப்பையா, இங்கே வாருங்கள்” என்று கூப்பிட்டேன்.

“கட்டுங்கண்ணே. அது ஒங்க ஒரிமை” என்றார், திரும்பாமலே.

“நேரம் ஆகுது” என்றார் பண்டாரம்.

உரிமையை விட்டுக் கொடுக்கிறேன் என்று சொன்னால் அந்த ஆள் வரமாட்டார். எனக்குத் தெரியும், நானும் அந்த ஜாதி ரோஷக்காரன்தான். அதனால் எழுந்து நின்று, லயம் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்:

“இதோ பாருங்கள். வயசெல்லாம் சூளையில் வெந்த விரல் இது. கல் பிடிக்கும், நூல் பிடிக்காது. எனக்கு முடிச்சுப் போட வராது. வேண்டுமானால் பட்டத்தை நெற்றியில் நான் பிடித்துக்கொள்கிறேன். முடிச்சுப் போட ஒரு ஆள் இல்லாமல் கல்யாணம் நின்றுவிடும் போலிருக்கிறது.”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. “அறுவது அடி கூண்டு கட்டினவருக்கு முடிச்சு வராதாம்லா!” என்றான் ஒருவன். ஐம்பத்திரண்டு வயசில், நாலு பேர் நடுவில், எனக்கு ஒரு காரியம் வராது என்று நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அதுவும் பொய். வண்டிப் பாரம் கட்டுவதில் என்னை அடிக்க எங்கள் தாலுகாவில் ஆள் கிடையாது.

கருப்பையா கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வந்தார். பாக்கியம் தலையைக் குனிந்து கொடுத்தாள். நான் பட்டத்தை அவள் நெற்றியில் பொருத்திப் பிடித்தேன். அவர் பின்னால் நின்று நூலைக் கட்டினார். கட்டும்போது மூக்கை இரண்டு தரம் உறிஞ்சினார். கட்டிவிட்டு, “இருக்கட்டும், போதும்” என்று யாரிடமோ சொல்லிவிட்டு நகர்ந்தார்.

மூக்கை உறிஞ்சிக்கொண்டே போட்ட முடிச்சு. மாப்பிள்ளை தாலியை எடுப்பதற்குள் பட்டம் நெற்றியைவிட்டு மூக்கைப் பார்த்து இறங்க ஆரம்பித்தது. முடிச்சு வராது என்று சொன்னவன் அவிழ்த்துக் கட்ட முடியுமா? பாக்கியத்துக்குப் பின்னால் போய் நின்று, கொண்டைப் பூவுக்கு அடியில் விரலை விட்டு, நூலை இரண்டு விரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டேன். பட்டம் நெற்றிக்கு ஏறி நின்றது. தாலி ஏறியது. லயத்து ஜனம் வரிசையாக வந்து அட்சதை போட்டது. விரல் மரத்துப்போயிற்று, எடுக்கவில்லை. அஞ்சலை மட்டும் பார்த்துவிட்டாள். என் பக்கத்தில் வந்து நின்று, முந்தானையை இழுத்து என் கையை மூடினாள்.